தொடாத கை

"வேண்டாம்க்கா. தெருமுனைக் கடையில போய் வெட்டிக்கோ."

தங்கை கத்தரிக்கோலைக்கூட எடுக்கவில்லை.

அக்கா துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். சிகிச்சையில் கொட்டிப்போன முடி இப்போதுதான் காதை மூடும் அளவுக்கு வளர்ந்திருந்தது. பெண்களுக்கு முடி வெட்டும் அந்தக் கடையை அக்காவும் தங்கையும் சேர்ந்துதான் நடத்தினார்கள். ஒருத்தி முடியை மற்றவள் வெட்டுவது சின்ன வயதிலிருந்தே வழக்கம். வேறு யார் கையும் பட்டதில்லை.

"நம்ம கடையை வச்சுக்கிட்டு அடுத்த கடைக்குப் போகச் சொல்றியே?"

"சொன்னாக் கேளு."

அக்கா துணியை அவிழ்த்து, மடித்து வைத்தாள்.

பக்கத்து நாற்காலியில் டீச்சர் இருந்தார். பழைய வாடிக்கை. மனதில் பட்டதைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"ஊர்த் தலையெல்லாம் கழுவி விடற கைக்கு, கூடப் பிறந்தவ தலையைத் தொட மட்டும் கூசுதா? கேன்சர் என்ன ஒட்டுவாரொட்டியா?"

மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் தங்கையின் முகம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. உறுத்தத்தான் செய்யும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"உடம்பெல்லாம் எரியுதுன்னியே, இந்தா. நம்ம வயசுப் பொம்பளைங்களுக்குன்னே செய்யற மூலிகை மாத்திரை. என் நாத்தனார் இதுலதான் தேறினா."

அக்கா வாங்குவதற்குள் தங்கை அதைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"டாக்டரைக் கேக்காம அவ எதையும் சாப்பிடக் கூடாது."

"நீயும் தொடமாட்டே, அடுத்தவ அக்கறையா குடுத்தாலும் விடமாட்டே. நல்லா இருக்கும்மா உன் நியாயம்."

கொஞ்ச நாளாகவே வீட்டிலும் இப்படித்தான். துண்டு தனி, படுக்கை தனி. மணிக்கட்டு வரை மூடிய சட்டை இல்லாமல் தங்கை அக்கா பக்கம் வருவதில்லை. காலையில் எழுந்தால் அக்காவுக்கு விரல்கள் மடங்காது. பிடித்துவிடச் சொன்னால் வெந்நீர்ப் பை வரும். தங்கை வரமாட்டாள்.

அன்று சாயங்காலம் மாத்திரை அட்டை மேசையிலேயே கிடந்தது.

"இன்னிக்குப் போடலையா?"

"இனிமே போடறதா இல்லை. இதைப் போட ஆரம்பிச்சதிலிருந்து கை கட்டையாப் போச்சு. கத்தரி பிடிக்க முடியலை. நோய் திரும்பி வராம இருக்கத்தான் இந்த மாத்திரைங்கறாங்க. வராம இருந்து எனக்கு என்ன ஆகப்போகுது? சொந்தத் தங்கச்சியே கிட்ட வரமாட்டேங்கறா."

தங்கை மாத்திரை அட்டையை எடுத்து அக்காவின் கைப்பைக்குள் வைத்தாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். வலியை அவங்ககிட்ட சொல்லு. நீயா நிறுத்தாதே."

டாக்டரம்மா அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

"இந்த மாத்திரை உங்க உடம்புல ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்குது. உங்க கட்டிக்கு அதுதான் தீனி. அது குறையறப்ப மூட்டு வலிக்கலாம், எலும்பு மெலியலாம், உடம்பு எரியலாம். அதுக்காக நிறுத்திடாதீங்க. இதே வகையில வேற மாத்திரை இருக்கு, மாத்திப் பார்க்கலாம். எலும்புக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுவோம். தினமும் நடக்கணும். ஆமா, இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"உயிரைக் காப்பாத்தினவங்ககிட்ட வந்து, விரல் வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

"அதைக் கேக்கத்தானே இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். சரி, வேற மாத்திரை, மூலிகை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணு வந்தது. இவ குப்பையில போட்டுட்டா."

"நல்ல காரியம். சில மூலிகை ஹார்மோன் மாதிரியே வேலை பார்க்கும். நம்ம மாத்திரை ஒரு பக்கம் இழுத்தா, அது இன்னொரு பக்கம் இழுக்கும். எதுவானாலும் என்னைக் கேட்டுட்டுச் சாப்பிடுங்க. வீட்டுல வேற யாராவது ஹார்மோன் மருந்து எடுத்துக்கறாங்களா?"

"இல்லை" என்றாள் அக்கா.

"இருக்கு" என்றாள் தங்கை.

அவள் சட்டைக்கையை மேலே சுருட்டினாள்.

"எனக்கும் மாசாமாசம் வர்றது நின்னுபோச்சு டாக்டர். உடம்பு எரிஞ்சு தூக்கமே இல்லைன்னு போனேன். கையில தடவிக்க ஜெல் குடுத்தாங்க. ஈஸ்ட்ரோஜன் ஜெல். தடவின இடம் மேல பட்டா அடுத்தவங்க உடம்புலயும் ஏறும்னு சொன்னாங்க. அதான் அக்காவைத் தொடாமலே இருக்கேன்."

அக்கா மெல்லத் திரும்பினாள். "எங்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"நீ எரிஞ்சுக்கிட்டிருக்கே. உனக்கு எது விஷமோ அதைத் தடவிக்கிட்டு நான் மட்டும் குளுகுளுன்னு இருக்கேன்னு எந்த வாயால சொல்றதுக்கா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"இவ்வளவு விலகியிருக்க வேண்டாம்மா. நல்லாக் காயவிட்டு, அந்த இடத்தைத் துணியால மூடி, கையைக் கழுவிட்டா போதும்."

"ஜெல் குடுத்தவங்களும் அப்படித்தான் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கலை. அவங்களைக் கேட்டுட்டு ஜெல்லையே நிறுத்திட்டேன், ரெண்டு வாரமாச்சு. உங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான் இருந்தேன்."

நெற்றியிலிருந்து கண்ணில் இறங்கிய வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப நான் அக்கா தலையைத் தொடலாமா டாக்டர்?"