பெயரில் பாதி

"தாடை எலும்பைப் பாருங்க. இது இத்தனை நாளா நினைச்ச வம்சத்து மீனே இல்ல," என்று கல்லில் பதிந்திருந்த மீனைக் காட்டினார் ஆராய்ச்சியாளர்.

படமெடுக்க வந்த போட்டோகிராபருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"முதல்ல ஆராய்ச்சி பண்ணின மகானுபாவர் எங்கே பார்த்துக்கிட்டிருந்தாராம் மேடம்?"

"அவர்கிட்ட லென்ஸ்தான் இருந்துச்சு. என்கிட்ட ஸ்கேன் இருக்கு."

"அவர் வச்ச பேரும் காலியா?"

"அறிவியல் பேருல வம்சப் பேரு முன்பாதி, அது மாறும். பின்பாதி அவர் ஆசையா வச்சது. அதை யாரும் தொடக் கூடாது, அதுதான் விதி."

"பின்பாதி யாரு, காதலியா?"

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது.

"அப்பா, உங்க முடிவு தப்புன்னு எழுதி அனுப்பிட்டேன். கோபமா?" என்றவர், மறுமுனையில் கேட்ட சிரிப்பில் தானும் சிரித்தார். "என்ன செய்ய? நான் பிறந்தப்ப மீனுக்கு நீங்க வச்ச என் பேரை என்னாலகூட எடுக்க முடியாதே!"