டேக் ஆஃப்

தூத்துக்குடியில் இருபது வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வந்த அமலதாசன், ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லுக்கு மட்டும் கரும்பலகை நிறைய அர்த்தம் எழுதிப்போடுவார். விமானம் கிளம்புவது, சட்டையைக் கழற்றுவது, லீவு எடுப்பது, வியாபாரம் சூடுபிடிப்பது.

அன்று மாலை அடுத்த வீட்டு ரெக்சிலின் கைபேசியோடு ஓடிவந்தாள். கப்பலில் வேலை பார்த்த அவள் கணவன் ஜோஸ்வின், மூளையில் ரத்தம் கசிந்து, எங்கோ ஒரு துறைமுக நகரத்து ஆஸ்பத்திரியில் பத்து நாளாக நினைவில்லாமல் கிடந்தான். அங்கிருந்து ஆங்கிலத்தில் செய்தி வந்திருந்தது. நாளைக் காலை வென்டிலேட்டரிலிருந்து அவனை ‘டேக் ஆஃப்’ செய்கிறார்களாம். வீட்டார் விரும்பினால் இன்றே பேசலாம், போனை அவன் காதில் வைப்பார்களாம்.

“மெஷினைக் கழட்டப் போறாங்கம்மா. தேறிட்டான்.”

“நெசமாவா சார்? அப்ப இன்னிக்கே பேசிரவா?”

“இன்னிக்கு எதுக்கு அவனைத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? நாளைக்கு அவனே பேசுவான்.”

மறுநாள், மெஷினை எடுத்த இருபதாவது நிமிடம் உயிர் பிரிந்துவிட்டதாகத் தகவல் வந்தது. பிழைக்க வழியில்லை என்றாலும் அப்படி எடுப்பார்கள் என்பது அமலதாசனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்று நாள் கழித்துத்தான் அந்த வீட்டுக்குப் போகும் துணிவு வந்தது. ரெக்சிலின் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை.

“சார், நான் பேசியிருந்தா அவருக்குக் கேட்டிருக்குமா?”

“கேட்டிருக்காதும்மா” என்றார், சட்டென்று.

அதையும் அவள் நம்பினாள்.