அண்ணாச்சி போட்ட பூட்டு

“அழிட்டி” என்றார் பாபநாசம் அண்ணாச்சி, மூன்றாவது தடவையாக. கீபோர்டுக்கு முன்னால் கலைச்செல்வி உட்கார்ந்திருந்தாள். மூன்று வருஷமாக அவர் சொல்லைத் தட்டாதவள் என்று ஆபீசே அவளைக் கேலி செய்யும்.

பாளையங்கோட்டையில் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்த அண்ணாச்சி நடத்துகிற ஆபீஸ் அது. கருங்காடு எஸ்டேட்டின் நாற்பது வருஷத்து வருகைப் பதிவேடு இங்கேதான் இருக்கிறது. செக்ரோல் என்பார்கள் மலையில். மூலத் தாள்களைக் கரையான் தின்று முடித்தாயிற்று.

எஸ்டேட்டையும் மூடியாயிற்று. அங்கே கொழுந்து பறித்த ஜனங்கள், கீழே குடியிருக்க ஒரு வீடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் மலையில் வேலை பார்த்ததற்கு இருக்கிற ஒரே ருசு இந்தச் செக்ரோல்தான். நாலு மணிக்குக் கோர்ட்டிலிருந்து ஆள் வந்து அதைப் பிரதி எடுக்கப் போகிறார்.

எஸ்டேட்காரர்கள் காலையிலேயே அண்ணாச்சிக்குப் போன் போட்டுவிட்டார்கள். இப்போது மணி மூன்றரை.

“வைரஸ் வந்து எல்லாம் போயிட்டுன்னு சொல்லிக்கிடலாம். சோலிய முடி.”

கலைச்செல்வி ஏ.ஐ. ஏஜெண்டிடம் சொன்னாள். வெளியூர் சர்வருக்குள் போய்க் கோப்புகளைத் தேடி எடுத்துத் தருவது அதன் வேலை. அதன் வழியாக இல்லாமல் ஆபீசில் யாரும் உள்ளே போக முடியாது. திரையில் பதில் வந்தது: ‘நீக்கும் கட்டளை அனுமதிப் பட்டியலில் இல்லை. சேர்க்க நான்கு இலக்க எண்ணை இடவும்.’

அண்ணாச்சி தலையில் கை வைத்தார். பூட்டுப் போடச் சொன்னதே அவர்தான். ஆறு மாசத்துக்கு முன்னால் ஏதோ கோபத்தில், “பழைய குப்பை பூராவும் தூக்கிப் போடு” என்று ஏஜெண்டிடம் சொல்லப்போக, அது மகள் கல்யாணப் போட்டோக்களையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டது. வீட்டம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அன்றைக்கே கலைச்செல்வியைக் கூப்பிட்டார். “பாக்கலாம், தேடலாம், பிரதி எடுக்கலாம். வேற எந்தக் கட்டளையும் அது ஓட்டப்படாது. பூட்டுக்கு நம்பர நீயே போடு, எங்கிட்டகூடச் சொல்லாத. கோவம் வந்தா நானே வந்து கேப்பேன்.”

இப்போது அவரே வந்து கேட்கிறார்.

“ஞாபகம் வர மாட்டேங்கு அண்ணாச்சி. ஆறு மாசம் ஆயிட்டுல்லா.” கழுத்தில் அடையாள அட்டையோடு, எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றையும் கோத்திருப்பாள். தேய்ந்துபோன பழைய வில்லை. படபடப்பு வந்தால் அதைத்தான் உருட்டுவாள்.

“அந்தத் தகட்ட உருட்டுதத விட்டுட்டு யோசிச்சுப் பாரு.”

அவள் நாலு எண்ணை அடித்தாள். ‘எண் தவறு. இன்னும் இரண்டு வாய்ப்புகள்.’

அண்ணாச்சிக்கு வேறொரு வழி தோன்றியது. “அழிக்காண்டாம். வெறுந்தாள அதே பேருல அதுமேல பிரதி எடுக்கச் சொல்லு. பிரதி எடுக்கத்தான் அனுமதி இருக்குல்லா?” சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் கெட்டிக்காரர்.

கலைச்செல்வி அப்படியே தட்டினாள். பதில் வருவதற்குள் அண்ணாச்சி திரைக்குப் பக்கத்தில் குனிந்துவிட்டார்.

‘ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுத அனுமதி இல்லை.’

“இத யாரு போட்டது?”

“நான்தான் அண்ணாச்சி. இருக்கத ஒண்ணும் கெடுத்துரக் கூடாதுன்னு சொன்னீங்கல்லா.”

அவர் பல்லைக் கடித்தார். “ஒன் பொறந்த வருஷத்தப் போட்டுப் பாரு.” போட்டாள். அதுவும் தவறு.

“இன்னொண்ணும் தப்பாப் போனா?”

“நாளைக்கு வரைக்கும் பட்டியல்ல கை வைக்க முடியாது.”

கீழே கோர்ட் ஜீப் வந்து நின்றது. மேஜையில் போன் அதிர்ந்தது, எஸ்டேட்டிலிருந்துதான். அண்ணாச்சி அதை எடுக்கவில்லை. குரலைத் தணித்து, “இத மட்டும் முடிச்சுக் குடு தாயி. எஸ்டேட்காரங்கிட்டச் சொல்லி ஒனக்கு ஒரு வீடே வாங்கித் தாரேன்” என்றார்.

வீடு என்றதும் அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி, ஒவ்வொன்றாக நாலு எண்ணை அடித்தாள்.

‘எண் தவறு. பட்டியல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குப் பூட்டப்பட்டது. பார்க்க, தேட, பிரதி எடுக்கத் தடை இல்லை.’

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணாச்சி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “நாலே நாலு நம்பரு. அதப்போயி மறந்து தொலைச்சிட்டியேட்டி.”

கலைச்செல்வி எழுந்தாள். கோர்ட் ஆளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கழுத்திலிருந்த பித்தளை வில்லையைக் கழற்றி, அண்ணாச்சி முன்னால் அதிலிருந்த நாலு இலக்க எண் தெரிகிற மாதிரி வைத்தாள்.

“மறக்கல அண்ணாச்சி. அது எங்கம்மா செக்ரோல் நம்பரு.”