அடுத்த படுக்கை

"எம்பொண்ணு ஐ.சி.யூ. நர்ஸுன்னு தெருவெல்லாம் தண்டோரா போட்டீங்களே அண்ணி, இங்க வந்து பாருங்க கூத்தை!"

கண்ணாடிக் கதவில் மூக்கு நசுங்க நின்ற நாத்தனார் கூப்பிட்டாள். மகளைப் பெற்ற அம்மா எட்டிப் பார்த்தாள்.

உள்ளே, வாயில் குழாயோடு அப்பா மயக்கத்தில் கிடந்தார். மகளோ அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்த படுக்கையில் யாரோ ஒரு கிழவிக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவை ஒரு தாடிக்கார நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெத்த அப்பனை எவன்கிட்டயோ தள்ளிவிட்டுட்டு ஊருக்கு ஊழியம் பண்றா!"

அந்த நேரம் பார்த்து அப்பாவின் மானிட்டர் கத்தியது. மகள் சட்டென்று திரும்பினாள். ஆனால் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. தாடிக்காரர்தான் பாய்ந்து, குழாயில் அடைத்த சளியை உறிஞ்சி எடுத்துச் சத்தத்தை அடக்கினார்.

"பார்த்தீங்களா, கல்லு மாதிரி நிக்கறா!"

அம்மாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. பார்வை நேரத்தில் ஒருவரைத்தான் விடுவார்கள். கதவு திறந்ததும் விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"ஏண்டி, அப்பா பக்கத்துல வந்து நிக்கக்கூட உனக்கு மனசில்லையா?"

"அந்தப் படுக்கை என்னோடது இல்லம்மா. அவர் பார்த்துப்பார்." மகள் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இதற்கா கண்ணும் கருத்துமாக வளர்த்தோம் என்று பொருமியபடி, அம்மா கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா. பிரஷர் சரியாயிட்டு வருது. காலையில கூப்பிட்டப்போ என் விரலை அமுக்கினார்," என்றார் தாடிக்காரர்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த படுக்கையின் மானிட்டர் அலறியது.

மகள் டாக்டரைக் கூப்பிட்டாள், கட்டிலின் தலைமாட்டைச் சாய்த்தாள், மருந்தை ஏற்றினாள். கையில் பதற்றம் என்பதே இல்லை. வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து போகிறவள் இவள்தானா? கோபத்தையும் மீறி அம்மா வாயைப் பிளந்து பார்த்தாள்.

தாடிக்காரர் மட்டும் அசையவில்லை. கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓடிப்போய் ஒரு கை கொடுக்கக் கூடாதா தம்பி?"

"டாக்டர் வந்துட்டாரும்மா. சொந்தம்னா எங்களுக்கும் கை நடுங்கிடும். அதான் உங்க பொண்ணும் நானும் படுக்கையை மாத்திக்கிட்டோம்." அவர் தலையை அந்தப் பக்கம் அசைத்துக் காட்டினார். "அது எங்கம்மா."

அம்மா அடுத்த படுக்கையைப் பார்த்தாள். பிறகு, கம்பியைப் பிடித்திருந்த அவர் கைமேல் தன் கையை வைத்தாள்.

"தைரியமா இருங்க தம்பி. அங்க நிக்கறது என் பொண்ணு!"