ஸல்ஹாவின் வருத்தம்

“மிஸ், கதவைச் சாத்தாதீங்க! எங்களுக்கு நம்பர் இருக்கு!”

ஜவாஹிர் போட்ட சத்தத்தில் துறைமுகத்துக் காகங்கள் கூரையை விட்டுக் கிளம்பின. மனைவி ஸல்ஹாவின் கையைப் பிடித்தபடி உடல் நிறைக் கிளினிக்குக்குள் புகுந்தார். மூதூர்ப் படகிலிருந்து இறங்கி வந்த வேகத்தில் பேச்சு துண்டு துண்டாக வந்தது.

“டொக்டர்... அடுத்த மாசம் மக்காவுக்கு உம்ரா போறம்... இவ இந்த நிலையில கஃபாவை எப்பிடிச் சுத்துறது? நீங்க ஓம் எண்டாத்தான் டிக்கட் போடுவன்.”

டொக்டர் நிவேதிகா சிரித்தார். “நிறையால சீவியம் எவ்வளவு கெடுது எண்டு அளக்கச் சில கேள்வி இருக்கு. ஸல்ஹா, நித்திரை எப்பிடி?”

ஸல்ஹா வாயைத் திறக்குமுன் ஜவாஹிர் முந்திக்கொண்டார். கடையில் நின்றாலும் வீட்டில் நின்றாலும் எல்லோருக்கும் அவர்தான் வாய்.

“எங்க நித்திரை? நான் எப்ப கண் முழிச்சாலும் கட்டில்ல குந்திக்கொண்டுதான் இருப்பா.”

“படி ஏறேக்க?”

“பாதியில நிண்டிடுவா.”

“பஸ்ஸில?”

“சீட்டு நுனியில தொங்குவா. பாதி உடம்பு வெளியால!”

“படகில?”

“அதைக் கேக்காதீங்க! நாங்க ஏறினா படகு சரியும். ஓட்டி இவவை எழுப்பி மற்றப் பக்கம் அனுப்புவான்.” ஜவாஹிரின் குரல் தணிந்தது. “இவ இல்லாட்டி நான் இல்ல டொக்டர். எப்பிடியாவது நிறையைச் சரிப்படுத்தி விடுங்க.”

“ஏறுங்க ஸல்ஹா.”

தராசு நாற்பத்தாறு கிலோ காட்டியது.

“பாத்தீங்களா? காத்துக்குப் பறக்கிற உடம்பு! சத்துக் குளிசை எழுதுங்க!”

“எழுதலாம். இப்ப நீங்க ஏறுங்க.”

“நானா? எனக்கென்ன? நான் கல்லு மாதிரி. படுத்த உடனே நித்திரை!” சிரித்துக்கொண்டே ஏறினார்.

தராசு முனகிற்று. நூற்று நாற்பத்திரண்டு.

ஸல்ஹா முதல் தடவையாக வாய் திறந்தாள்.

“நம்பர் உங்கட பேரிலதான் எடுத்தனான். ராவில குறட்டை நடுவில உங்கட மூச்சு நிண்டிடுது. அது திரும்பி வருமட்டும்தான் நான் குந்திக்கொண்டிருக்கிறன்.”