முந்திக்கொண்ட கண்ணீர்

ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்து ஊர் திரும்பிய லெஸ்லிக்கு ஒரே பயம். சேர்ந்து வாசித்துவந்த பழைய மாயாஜால நாவலின் ஏழு பாகங்களையும் வாசிப்பு வட்டத்தார் தன்னை விட்டுவிட்டு முடித்திருப்பார்களோ?

லிங்கநகரில் வட்டத்தார் கூடியிருந்த மஹ்ரூப் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டார். "எந்தப் பாகத்தில நிக்கிறீங்க?"

"நீங்க விட்ட இடத்திலதான். ஒரு பக்கமும் புரட்டேல்ல," என்றார் மஹ்ரூப். "ஆள் குறைஞ்சால் வாசிக்கிறதில்லையெண்டு சட்டம் போட்டதே நீங்கதானே?"

"அப்ப இவ்வளவு நாளும்?"

"கூடித் தேத்தண்ணி குடிச்சிட்டுக் கலைஞ்சு போனம்."

லெஸ்லி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான்காம் பாகத்தை விரித்து உரக்க வாசித்தார். கிழட்டு டிராகன் இளவரசியைச் சுமந்துகொண்டு கடலுக்கு மேலால் குதூகலமாகப் பறந்துகொண்டிருந்தது.

விசும்பல் கேட்டது. மஹ்ரூப்பின் மனைவி நஸ்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அது இன்னும் சாகேல்ல, நஸ்ரியா!" என்று பதறிய மஹ்ரூப் நாக்கைக் கடித்துக்கொண்டார். மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர்கள். தனக்காகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். லெஸ்லி எதுவும் கேளாதவர்போல், சட்டைப்பையிலிருந்த லேஞ்சியைக் கண் துடைக்க நஸ்ரியாவிடம் நீட்டினார்.

வீட்டிலிருந்து புறப்பட்டபோது அவருடைய மனைவி மாகிரட் வைத்துவிட்டது அது.

"டிராகன் சாகிற இடம் வந்தால், வார்ட்டில வாசிச்சு அழுத மாதிரி அங்கயும் அழுவீங்க. கொண்டு போங்கோ."