வேண்டாததை அடிக்கவும்

முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவார் மேல்முறையீட்டுப் பிரிவு குமாஸ்தா. இருபது வருஷத்தில் ஒருமுறைகூட அவர் கணக்கு தப்பியதில்லை.

"கண்மண் தெரியாம கார் ஓட்டி உயிர் போன கேஸ்தானேம்மா? ஓட்டினது உங்க மகன். தண்டனையைக் குறைக்கணும். சரியா?"

"ஆமாங்க. ஆறு வருஷம் போட்டிருக்காங்க."

"கவலைய விடுங்க, குறைஞ்சிடும்." படிவத்தை நீட்டினார். "கைதிக்கு என்ன உறவு, இறந்தவருக்கு என்ன உறவுன்னு ரெண்டு வரி இருக்கும். ஒண்ணை நிரப்பிட்டு மத்ததை அடிச்சிடுங்க."

அவள் நிரப்பிக் கொடுத்தாள். குமாஸ்தா சிரித்துவிட்டார்.

"ரெண்டுலயும் அம்மான்னு எழுதிட்டீங்களே! இறந்தவர் வரி எதிர்த்தரப்பு நிரப்புறதும்மா."

"தெரியுங்க. ஓட்டினது பெரியவன். பின்னாடி உட்கார்ந்திருந்தது சின்னவன். இதுல எந்த வரிய நான் அடிக்கிறது?"